முதலாளி கையில் மணிக்கயிறு

ஹலோ... ஹலோ... ஆமா, மார்த்தாண்டம்தான். பஸ் ஆபீசுதான்... ஆமா ஆமா, தங்கபாய்தான் பேசுதேன்... நீங்களா? என்னங்க, எங்கேருந்து பேசுதிய? வண்டி எங்க?

எந்த எஸ்டேட்டு?... அருமனை ரப்பர் எஸ்டேட்டு ஆபீசா? அங்க என்ன செய்யுதிய? வண்டி இந்நேரம் குழித்துறை வந்திருக்கணுமே. இங்க ஆளுவ மூட்டையும் கெட்டுமா நிக்குது. நான் ரோட்டப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு...

நிக்குதா? ஏன் நிக்குது? டயரா?... டயர் இல்ல. எண்ணெ தீந்துதா?... பின்ன?

செல்வதாசு எறங்கிப் போயிட்டானா? எங்க போனான்?... மரத்து மூட்டில, நெழலுல இருக்கானா. டிரைவர் மரத்து மூட்டில இருந்தா வண்டிய யாரு ஓட்டுவா?... சரி, சரி, சத்தம் போடாதிய. எஸ்டேட்டு கிளார்க்கு பக்கத்துல நிப்பான். முதல்லேருந்து சொல்லுங்க.

ம்... ம்... மரியஜான் மணி அடிச்சான், வண்டி நின்னுது. அது கண்டக்டருக்க வேல, அடிப்பான்... ம்... ஒரு பொம்பள எறங்கினா... அவ எறங்கி முடியதுக்கு முன்ன வண்டிய எடுக்கச் சொல்லி ரைட்டு மணி அடிச்சது யாரு?

நேரமாச்சுன்னு நான் கேக்கல்ல. யாரு அடிச்சதுன்னு கேக்கேன்... மரியஜானா?... ம்?... நீங்களா.

கர்த்தாவே. அவளுக்கு அடி பட்டுதா?... முட்டுத் தோல் உரிஞ்சிருக்கு. தலையில?... நல்லாப் பாத்தியளா?... யாரு அவ?... முத்துக்கனியா, சந்தைக்கு முட்டை கொண்டு வாறவளா? முட்டையெல்லாம்?... போட்டும், போனது போட்டும். நான் அவகிட்ட பேசிக்கிடுதேன்.

அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. வண்டி வரும். நான் அதத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்.

இல்ல, உங்ககிட்ட இல்ல, இங்க உள்ளவங்ககிட்ட. நீங்க சொல்லுங்க... மரியஜான் மெதுவா அடிக்கான்னா அடிக்கட்டு. பின் வாசல்ல நிக்கது அவன். முன் சீட்டுல இருக்க உங்களுக்கு எறங்குதவ தெரிவாளா? நீங்க ஒரு மணி, அவன் ஒரு மணி அடிச்சா, செல்வதாசு எந்த மணிக்கு ஓட்டுவான்?... முதலாளி மணிக்குத்தான் ஓட்டணுமா? ஓட்டினான்லா. அதான் அவ விழுந்தா.

பள்ளிக்கூடத்துல நீங்க மணி அடிச்சா பிள்ளைய எல்லாம் ஓடி வந்து வரிசையில நிக்கும். அந்த நெனப்பு இன்னும் போகல்ல உங்களுக்கு. ஹெட்மாஸ்டர் வேலைய விட்டாச்சுங்க. இது பஸ்ஸு.

பொறுங்க. மணி அடிச்சதுக்கா அவன் எறங்கிப் போனான்? செல்வதாசு அப்பிடிப்பட்ட ஆளில்லையே. வேற என்ன செய்திய?... எதுத்துப் பேசினான். சரி. நீங்க என்ன செய்திய?... சொல்லுங்க... காதப் பிடிச்சியளா? பிடிச்சியளா, திருகினியளா?

வண்டி நெறைய ஆளுவளுக்கு முன்ன... உங்ககிட்ட படிச்சவன்தான், யாரு இல்லன்னா? இப்ப ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

மன்னிப்பு கேக்க மாட்டிய, அது எனக்குத் தெரியும்... வேற டிரைவரா? அவனுக்கும் காது உண்டுல்லா?... சிரிக்கல்லங்க. இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வாறது மறந்து போச்சா? வண்டி ஒழுங்கா ஓடுதான்னு பாக்கத்தான் திருவனந்தபுரம் சர்க்காரு ஆபீசிலேருந்து வாறாரு. நம்மகிட்ட உள்ளது டெம்பரரி பெர்மிட்டு. இன்னைக்கு வண்டி வரல்லன்னா ரூட்டு மத்த கம்பெனிக்குப் போவும். எனக்க அம்மை தந்த தென்னந்தோப்பு இந்த வண்டிக்காக அடமானத்துல கெடக்கு. உங்களுக்கு வேலையும் இல்ல. பொறவு நாம எங்க போவோம்? எனக்குப் பயமா இருக்கு.

போனை அவன்கிட்ட குடுங்க... வர மாட்டானா? அக்கா கூப்பிடுதான்னு சொல்லுங்க. வருவான்.

செல்வதாசா... ஆமா மக்கா, கேட்டேன், எல்லாம் கேட்டேன்... அவரு செய்தது தப்பு. நான் சொல்லுதேன், தப்புதான்... ம்... ம்... சொல்லு, உள்ளதெல்லாம் சொல்லிப்போடு... உனக்க மாமனாரும் வண்டியில இருந்தாரா? ஐயோ... அவரு பாத்துக்கிட்டா இருந்தாரு... ம்.

வண்டிய எடுத்துட்டு வருவியா மக்கா?... அவரு ஏறினா எடுக்க மாட்டியா... கொஞ்சம் யோசிச்சுப் பேசு, அவரு...

சரி. ஏற மாட்டாரு... ஆமா, எனக்க வார்த்த. மணிக்கயிறு மரியஜான் கையில இருக்கட்டு, வேற யாரும் தொடாண்டாம். முத்துக்கனிய முன் சீட்டுல இருத்திக் கூட்டிட்டு வா, டாக்டர்ட்ட காட்டுவோம். நேரம் பிடிக்கணும்னு விரட்டாத. பைய வா. போனை அவருகிட்ட குடு.

என்னங்க... வண்டி வரட்டு. நீங்க ஏறாண்டாம்... ஆமா, நான்தான் சொன்னேன்... அவன் சொல்லி நான் கேக்கல்ல, வண்டி வரணும்னு சொல்லுதேன். நீங்க மத்த கம்பெனி வண்டியில வாங்க... அதுல ஏற மாட்டியளா? பின்ன?... இந்த வெயிலுல நடந்தா?... கோவம் இருக்கும். வீட்டுல வந்து எத்தன வேணும்னாலும் கோவப்படுங்க. நான் கேட்டுக்கிடுதேன்.

இங்க பாருங்க, எனக்கும் இது சங்கடந்தான். உங்கள நட்டாத்துல விட்டுட்டு எனக்கு என்ன சுகம்?

என்ன சொல்லணும்?... இன்ஸ்பெக்டர் கேட்டா உங்களுக்குக் காய்ச்சல்னா?... சரி. காய்ச்சல்னு சொல்லுதேன்... ஆமா, சொல்லுதேன்... ஸ்டார்ட் ஆச்சா? கேக்குது, கேக்குது. ஸ்தோத்திரம்.

கொஞ்சம் லைன்ல நில்லுங்க, ஆளு வந்தாச்சு.

வாங்க சார், இருங்க... வண்டி அருமனை விட்டாச்சு சார். வழியில ஒரு அம்மா எறங்கையில விழுந்துட்டா, அதான் தாமசம்... எங்க ஆளுவளுக்க தப்புதான் சார், மறைக்கல்ல. இனி வராது... முதலாளியா சார்? அவருக்கு...

முதலாளி நான்தான் சார். பெர்மிட்டு எனக்க பேருலதான் இருக்கு, பாருங்க... ஆமா சார். எது கேக்கணும்னாலும் எங்கிட்ட கேளுங்க. ஒரு நிமிஷம்.

என்னங்க... கேட்டுக்கிட்டா இருந்திய?... நான் அப்பிடி நெனச்சுச் சொல்லல்ல... என்னங்க?... ஹலோ... ஹலோ...

லைன்ல யாரும் இல்ல சார். நீங்க கேளுங்க.