கொய்யாப்பழத்தோடு வரும் அம்மா

ஞாயிற்றுக்கிழமை காலை, பேட்டையிலிருந்து டவுணுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“லீவு நாள்லயும் எம் மவன் என்னைய வேலைக்குப் போவச் சொல்லுதான்க்கா.”

“நீ கிளம்புனாலே காலப் பிடிச்சிட்டு அழுவானே.”

“அதுக்குத்தான் டீச்சர் ஒரு படப் புத்தகம் கொடுத்தாங்க. அம்மாக் கிளி காலையில போவும், சாயங்காலம் கொய்யாப்பழத்தோட திரும்பி வரும். தினமும் வாசிச்சுக் காட்டுனேன். இப்ப அழமாட்டான், வாசலப் பாத்துத் தள்ளி விடுதான்.”

“அதுக்காக டவுண் வரைக்குமா? முக்குக் கடையில ஒரு பழத்த வாங்கிட்டுத் திரும்ப வேண்டியதானே.”

“போனேன். வாழைப்பழந்தான் இருந்துச்சு. அத வாங்கிட்டு வாசல்ல போய் நின்னேன். ‘அப்பா, அம்மா இன்னும் வரல’ன்னு உள்ள பாத்துச் சொல்லிட்டு, கதவச் சாத்திட்டான்.”