கடலைக்கு வழி மறந்த எலிகள்

எலிகளுக்கு நிலக்கடலை என்றால் உயிர், ஐயா. குன்னூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவற்றுக்குத் தீவனம் வைப்பதுதான் என் வேலை. அதற்கு முன்பு பிக்கட்டியில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தேன். இலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. கடைசியாகப் பறித்த இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டு இந்த வேலையில் சேர்ந்தேன்.

என் மனைவி மருதாம்பாளுக்கு அபார ஞாபகசக்தி. "எங்கப்பன் காட்டை வித்துத்தானுங்க இந்தத் தேயிலைய வாங்குனீங்க" என்பாள். பல் துலக்கும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, விருந்தாளி வந்தால் அவர்களுக்காக ஒரு தடவை. அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் டாக்டர் ஜானகி அம்மா எதையும் பொறுமையாக விளக்குவார். மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி. அது கெட்டால் எலிக்கு ஞாபகம் தப்பிவிடும். கத்தி வேண்டாம், ஒரு மருந்து போதும். நேற்றுவரை நேராக ஓடிப்போய்க் கடலை எடுத்த எலி, அதே பாதையில் திருதிருவென்று விழிக்கும். எனக்குச் சிரிப்பாக வரும்.

"வழி மறந்துபோச்சுங்க நாச்சிமுத்து. ஆனா மருந்து குடுத்த கையைக் கண்டா இன்னும் பதுங்குது பாருங்க" என்றார் ஒருநாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருந்தை டீயில்தான் கலந்தேன். எலிகளுக்குச் செய்வதுபோலவே வாரம் தவறாமல் மருதாம்பாளை எடை பார்த்தேன். உப்பு டப்பாவை எடுத்து வரச் சொல்லி, எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறித்தேன். மூன்றாம் மாதம் டப்பா அகப்படவில்லை. ஐந்தாம் மாதம் அவளுக்குக் காடு மறந்தது, அப்பன் மறந்தார், கடைசியில் நானும் மறந்துபோனேன்.

இப்போது வீட்டில் சண்டையே இல்லை. தினமும் காலையில் "ஏனுங்க, நீங்க ஆருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். நானும் பெண் பார்க்க வந்தவன்போல் பெயர், ஊர் எல்லாம் சொல்கிறேன். கூடத்தில் மருந்து குறைவதை ஜானகி அம்மா கவனித்து உங்கள் ஸ்டேஷனில் வந்து சொல்லியிருக்காவிட்டால், இப்படியே நிம்மதியாக இருந்திருப்போம்.

ஒரே ஒரு குறை. நான் டீயை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அதே டம்ளரைப் பக்கத்து வீட்டு மூக்கம்மா என் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தால் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறாள். இப்போது வருகிற தூள் சரியில்லை, ஐயா. விலை விழுந்த பிறகு தரமும் போய்விட்டது.