திரையின் மேல்பக்கம்

உங்கள் மேசை சுத்தமாக இருக்கிறது, ஐயா. பேனாகூட ஒன்றுதான். இப்படிப்பட்டவரிடம் பேசுவது எளிது.

இந்த அல்மாத்தி நகரில் ஒரே அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியானபோது எனக்குத்தான் என்று இருந்தேன். காஸ்பியன் கடலோர ஊரான அக்தாவிலிருந்து ஜிபெக் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கிடைத்தது, எல்லாக் கணினியிலும் வரைபட மென்பொருளின் திரையை ஒரே மாதிரி அடுக்கி வைக்கும் வேலை.

நன்றாகவே அடுக்கினேன். யாரும் தொடாத பட்டன்களை எடுத்தேன். நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் உயரக் கோடுகளையும் வடக்கு அம்பையும் மறைத்தேன். படத்தையே திருப்பி, மலையை மேல்பக்கம் வைத்தேன். இந்த ஊரில் மேலே என்றால் மலைப்பக்கம், அதாவது தெற்கு. பால் வாங்கப் போகிறவருக்கும் அப்படித்தான் வழி சொல்வோம். கடலோரத்துக்காரியான ஜிபெக்குக்குப் படத்தில் மேலே என்றால் வடக்கு.

வந்த புதிதில் என்னை அண்ணன் முறை வைத்து ஆகாய் என்று கூப்பிட்டுச் சிரிப்பாள். "ஆகாய், எல்லாரும் மேல போ, மேல போங்கறீங்க. எங்க தேடியும் மாடிப்படியக் காணோமே."

ஒருநாள் வடக்கு அம்பு எங்கே என்று கேட்டாள்.

"ஜன்னல்லயே மலை நிக்குது. அம்பு எதுக்கும்மா, இடத்த அடைச்சுக்கிட்டு?" என்றேன்.

படத்தைத் திருப்பியதை மற்ற எல்லாரிடமும் சொன்னேன். அன்று அவள் விடுப்பில் இருந்தாள்.

மலையடி ஓய்வு விடுதிக்குச் சேற்று வெள்ளம் தடுக்கும் சுவரை அவள்தான் வரைந்தாள். தெற்கு என்று நினைத்துத் திரையின் கீழ்ப்பக்கம் போட்டுக் கையெழுத்திட்டாள். பார்த்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

கட்டுமான மேஸ்திரி தோசான் போன் செய்தான். "ஆகாய், சுவரு நகரத்துப் பக்கம் வருதே. சேறு மலையிலேர்ந்துதானே இறங்கும்?"

"படத்துல இருக்கறபடி கட்டுப்பா. சின்னப் பொண்ணு, நாம தலையிட்டா வருத்தப்படும்."

மே மாதம் சேறு இறங்கியது. ஜிபெக்கின் கணக்கு துல்லியமானது, சுவரில் விரிசல்கூட விழவில்லை. வெளியே போகவேண்டிய சேற்றையெல்லாம் விடுதிக்குள்ளேயே நிறுத்தி வைத்தது. உள்ளே பதினொரு பேர்.

அவள் இப்போது உங்கள் காவலில் இருக்கிறாள். அவள்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில், "தலைமைப் பொறியாளர் அமைத்த திரை" என்று இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அமைத்தது நான். அதற்கும் அவள் பெயர்தானா?