சாயங்காலத்து வண்டி

இல்லக்கா, நீங்க கேக்குறது நியாயந்தான். காயப்போட்ட துணியெல்லாம் புகை நாத்தம் அடிச்சா யாருக்குத்தான் கோவம் வராது? மேல குடி வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள சண்டையான்னு நீங்க தயங்குறதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு. நல்லா சத்தமாவே கேளுங்க. அதுக்குத்தான் இப்ப வண்டிக்கு ஆயில் மாத்திட்டிருக்கேன். புது ஆயில் ஊத்துனா புகையும் இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. துணி பத்திரம், கரி ஆயில் பட்டா ஏழு ஜென்மத்துக்கும் போகாது.

மெக்கானிக் கடையா? ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. ஆனா அவ்வளவு நேரம் மாமியாரத் தனியா விட முடியாதுக்கா. ஒரு தடவை குப்பை கொட்டிட்டு வர்றதுக்குள்ள உள்பக்கம் தாழ்ப்பாளப் போட்டுட்டாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, யாரும்மா நீ, என்ன வேணும்னு கேக்குறாங்க. அன்னையிலேர்ந்து நான் வெளிய வர்றதுன்னா இந்த ஷெட்டு வரைக்குந்தான். இங்க நின்னா அவங்க இருமுறது காதுல விழும். அதான், மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பழகிட்டேன்.

சிரிக்காதீங்க, முதல் தடவை நான் அடிச்ச கூத்தப் பாத்திருக்கணும். எஞ்சினக் கொஞ்சம் சூடு பண்ணிட்டுத் திறக்கணுமாம். நான் சில்லுன்னு இருக்கும்போதே திறந்தேன். பாகு மாதிரி நின்னுட்டு, பாதி ஆயில் எறங்கவே இல்ல. அடுத்த தடவை உஷாரா இருக்கேன்னு கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணி, கையச் சுட்டுக்கிட்டேன். இதோ பாருங்க தழும்பு. வெதுவெதுன்னு இருந்தாப் போதும்.

இந்தா, கீழ இருக்குதே, இந்த போல்ட்டுதான். குனிஞ்சு கீழேருந்து பாக்கும்போது வலது எது இடது எதுன்னு மண்டை குழம்பிடும். கழட்டுறேன்னு நெனச்சு முக்கி முக்கி இறுக்கியிருக்கேன். நல்ல வேளை, மரை போகல. போயிருந்தா எஞ்சினே செலவு வெச்சிருக்கும். அப்புறம் இந்தச் சின்ன வாஷர். ஒரு தடவை பழைய ஆயிலோட தட்டுல விழுந்து கிடந்திருக்கு, கவனிக்காம அது இல்லாமலே போல்ட்ட மாட்டிட்டேன். காலையில பாத்தா ஷெட்டு பூரா ஆயில் குளம்.

அந்தப் புனலக் கொஞ்சம் பிடிங்கக்கா. இன்னும் சாய்ச்சு... ஆங், அப்படித்தான். ஊத்தும்போது வண்டி நேரா நிக்கணும். ஒருக்கா சைடு ஸ்டாண்டுல சாஞ்சு நிக்கையிலேயே எஞ்சின்ல ஆயில் அளவு தெரியுற கண்ணாடியப் பாத்து, ஆயில் கம்மியா இருக்கேன்னு ஊத்து ஊத்துன்னு ஊத்திட்டேன். அன்னைக்குக் கிளம்புன புகையில பக்கத்து வீட்டுக்காரரு வாளித் தண்ணியோட ஓடி வந்துட்டாரு.

என் வீட்டுக்காரரா? ஆமா, அவரு வண்டிதான். உங்க கண்ணுலயே படலயா? படாது.

டயரா... நல்லா கவனிச்சிருக்கீங்க. ஆமா, சிலந்தி கூடு கட்டியிருக்கு. ஓடாத வண்டிக்கு ஆயில் எப்படிக் கறுக்கும்னு கேக்குறீங்க. நின்ன இடத்துல ஓடுனாலும் எஞ்சின் எஞ்சின்தானேக்கா. கறுக்கத்தான் செய்யும்.

அவரு வெளியூருல வேலைன்னு பஸ்ஸுல போனாரு. வண்டிச் சாவி ஆணியிலேயே தொங்குச்சு. மொதல்ல போன் வந்துட்டிருந்தது. அப்புறம் அவரு பண்றது நின்னுச்சு, நான் பண்ணா அப்படி ஒரு நம்பரே இல்லங்குது. எங்க அண்ணன் வந்தான், கிளம்பு நம்ம வீட்டுக்குன்னான். சரிடா, அந்தம்மாவ என்ன பண்றதுன்னு கேட்டேன். டீயக் குடிச்சான், டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சான், போயிட்டான்.

மாமியாருக்குப் புள்ள விட்டுட்டுப் போனது தெரியாது. சொன்னாலும் மனசுல நிக்காது. ஆனா பொழுது சாஞ்சா காது மட்டும் வாசல்லயே இருக்கும். அவன் வராம சோறு எறங்காதுன்னு தட்டத் தள்ளி விட்டுடுவாங்க. பட்டினியிலேயே போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன். ஒரு நாள் என்ன தோணுச்சோ, இங்க வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு முறுக்கு முறுக்கி, ஆஃப் பண்ணிட்டு உள்ள போனேன். முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்க்கா. வந்துட்டானா, சோறு போடும்மான்னாங்க. கை கால் கழுவுறாரு, நீங்க ஆரம்பிங்கன்னேன். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அவரு வந்ததே மறந்து போச்சு. அன்னையிலேர்ந்து தெனமும் நாந்தான் வந்து சேர்றேன்.

அய்யோ, நீங்க ஏன்க்கா கண்ணக் கசக்குறீங்க? எனக்கு இதெல்லாம் பழகிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பழக மாட்டேங்குது. வாயத் தொடச்சு விடும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. அவன் வந்துட்டான்லம்மா, இனிமே அவன் பாத்துக்குவான். நீ கிளம்பு, பாவம், உன்னையும் உங்க வீட்டுல தேடுவாங்கன்னு.

சரிங்கன்னு சொல்லிட்டு, அடுப்படியில போய் நின்னுக்குவேன்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, இருமல் கேக்குது, எந்திரிச்சுட்டாங்க. ஸ்டார்ட் பண்ணணும்.