பக்கத்து இருக்கையின் தளம்

துரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. காரின் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் தளத் தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு உயிரோடு இருக்கிறது. சத்தம் அமுங்கினால் அங்கே வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பளபளவென்று தேய்த்து, ஈரமில்லாமல் உலர்த்தி, அப்புறம்தான் பிரைமர். இதையெல்லாம் செய்யாமல் மேலே கறுப்புப் பூச்சை அடித்தால் அது துருவுக்குப் போர்த்திவிட்ட போர்வை. உள்ளே சுகமாக வளரும். என் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். அந்தப் பழைய கார் அவர் அப்பா ஓட்டியது. அதைத் தாங்கிய தாங்கலில் கால்வாசி என் தங்கையைத் தாங்கியிருந்தால் நான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். கொட்டுகிற மழையில் ஒரு சாயங்காலம் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. கார் வாசலிலேயே நின்றது. இவர் வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வண்டி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

"அடித்தகடெல்லாம் துரு மச்சான். அந்த மழையில எடுத்திருந்தா வண்டி வீணாப் போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையாகத்தான் அழுதார்.

"பட்டறைக்குக் கொண்டு வாங்க மாப்பிள்ளை. இனிமே மழைக்குப் பயப்பட வேண்டாம்" என்றேன்.

பக்கத்து இருக்கை அவர்கள் மகளுடையது, என் மருமகள். தாயில்லாப் பிள்ளை, சிரித்தால் அப்படியே என் தங்கை. அவள் கால் வைக்கிற தளத்தை என் ஆயுளில் எந்த வண்டிக்கும் செய்யாத அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஓட்டுகிறவர் பக்கம், இருக்கையின் போல்ட்டுகள் இறங்குகிற இடம் ஏற்கெனவே அரித்துப்போயிருந்தது. அதை நான் வெட்டவில்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மேலாக மட்டும் காயவிட்டு, கறுப்புப் பூச்சைக் கனமாக அடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னின.

"ராசியான கை மச்சான் உங்களுக்கு" என்றார்.

அதன் பிறகு எந்த மழைக்கும் அவர் அஞ்சவில்லை. என் தங்கைக்காக நனையாத வண்டி, கடைக்குப் போக நனைந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. என்றைக்காவது வேகமாகப் போகையில் ஓங்கி பிரேக் போடுவார், இருக்கை தளத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அவ்வளவுதான் என் கணக்கு. சில வருஷம் காத்திருக்க எனக்குச் சிரமமில்லை.

போன மாதம் மருமகள் சாவியைச் சுழற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். "லைசென்ஸ் வாங்கிட்டேன் மாமா. இனிமே நான்தான் டிரைவர், அப்பா பக்கத்துல சும்மா உக்காந்து வரட்டும்."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பூச்சைச் சுரண்ட வேண்டும். சுரண்டினால் குட்டு வெளிப்பட்டு, அவர் தப்பித்துவிடுவார். சின்னப் பிள்ளையின் ஆசை, கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன். "பாத்துப் போம்மா" என்றேன்.

லாரி ஒன்று குறுக்கே வந்ததாம். அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். பக்கத்து இருக்கை அசையக்கூட இல்லை. வேண்டுமானால் போய்த் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்கும்.

அவளுக்கென்று நான் பார்த்துச் செய்த இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். தாயை வாரிக்கொடுத்தது போதாதென்று மகளையும் அவர்தான் கொன்றார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.