துவைத்துக் கொடுத்த உடை

இல்லை. அவர் நீதி கேட்கவில்லை.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி, மறைந்த அம்மையார் தன் மகனுக்காகக் கடைசிவரை நீதி கேட்டார் என்றார். பெரிய சொல். அத்தை அவ்வளவு பெரிய சொற்களோடு பழகியவர் அல்ல. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த மேடையில் இதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை.

மன்னிக்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் தொடங்கிவிட்டேன்.

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, கண்காணிப்பாளர் அவர்களே, விமானப்படைத் தளத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, அத்தையோடு வேலை பார்த்த தோழிகளே, வானத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வந்திருப்பவர்களே, சீருடை இல்லாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விமானிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் அவருடைய மருமகள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் போர்விமான விபத்தில் போன அவர் மகனுக்கு மனைவி.

அவரை உங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றுதான் தெரியும். மருந்தகத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத டெலிபோன் அறை. காற்று முழங்காலில் மட்டும் படுகிற ஒரு மின்விசிறி. காதில் ஹெட்போன். இந்த மருத்துவமனைக்கு வந்த எல்லா அழைப்பும் அவர் காது வழியாகத்தான் உள்ளே போனது. பிரசவமும் மரணமும் ஒரே குரலில். 'டாக்டர் சீட்ல இல்லை' என்று யாராவது சொன்னால் நாமெல்லாம் போனை வைத்துவிடுவோம். அவர் வைக்கமாட்டார். "பரவால்லங்க, நான் லைன்லயே இருக்கேன்." அவ்வளவுதான். சீட்டில் இல்லாத டாக்டர் கொஞ்ச நேரத்தில் சீட்டுக்கு வந்துவிடுவார்!

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். அவருக்குப் பிடிக்கும்.

இப்போது அந்தக் கேள்வி.

என் கணவர் இறந்த வாரம் தளத்திலிருந்து ஒரு கார் வந்தது. இறங்கியவர்கள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். உள்ளே அவர் கடைசியாகப் போட்டிருந்த பறப்பு உடை. துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்தது. அத்தை அதைப் பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டார். நெடுநேரம். பிறகு நிமிர்ந்தார்.

"சோப்பு வாசம் வருது."



"யாரு துவைச்சது?"

"அது எங்க வழக்கம்மா. போனவங்க துணியை அழுக்கா வீட்டுக்குக் குடுக்கமாட்டோம். ஒரு மரியாதை."

"மரியாதை சரி. யாரு துவைச்சது?"

"தெரியலம்மா. யாராவது பசங்கதான்..."

அன்று அது கோபம்கூட இல்லை. பிள்ளையின் வியர்வை வேண்டியிருந்தது அவருக்கு. எனக்கும்தான். அந்த உடைக்காக நாங்கள் இருவரும் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் ஆத்திரத்தில் சொன்னேன். "எப்படிடி எடுக்கறது? மேலயும் கீழயும் ஒரே துணியாத் தெச்சிருக்கான் பாவி!" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அந்த வீட்டில் சாவுக்குப் பின் கேட்ட முதல் சிரிப்பு.

பிறகு அறிக்கை வந்தது.

அறிக்கை சொன்னது இது. விமானத்தில் கோளாறு இல்லை. விமானி அறையில் புகை இருந்ததற்குச் சான்று இல்லை. விமானி திசை குழம்பினார். தாமதமாக வெளியே குதித்தார். தவறு விமானியுடையது.

அத்தை என்னை வாசிக்கச் சொன்னார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். உள்ளே போய் அந்த உடையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, பிளேன் விழுந்து எரிஞ்சது எங்க?"

"குன்றுக்கு அந்தப் பக்கம்."

"இவன் கிடந்தது?"

"இந்தப் பக்கம். புல்வெளியில. பாராசூட் பாதிதான் விரிஞ்சிருந்தது."

"அப்போ எரிஞ்ச நெருப்புக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. இதுல புகை நாத்தம் இருந்திருந்தா அது எங்க ஒட்டியிருக்கும்?"

 விமானி அறைக்குள். வேறு எங்கே?

"அதைத்தான் துவைச்சுட்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து அதே கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது. யார் துவைத்தது? கையில் எடுத்தபோது அது எப்படி இருந்தது? அதைச் சொல்ல ஓர் ஆள் போதும். ஓர் ஆள், ஒரு மூக்கு.

எத்தனை அலுவலகங்கள்! எத்தனை பிளாஸ்டிக் நாற்காலிகள்! எஞ்சின் பற்றிக் கேட்பார் என்று வரைபடங்களோடு காத்திருப்பார்கள். வானிலை பற்றிக் கேட்பார் என்று தாள்களோடு காத்திருப்பார்கள். இவர் கேட்பார்: "துணியை யாரு துவைச்சது?" பாவம், மகன் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் தேநீர் வரவழைத்தார். ஒருவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். பதில்தான் இல்லை.

நுரையீரல் சுத்தமாக இருந்தது, எனவே புகை இல்லை என்றார் ஒரு மருத்துவ அதிகாரி. என் கணவர் ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தார். "மூக்குக்கு முகமூடி இருந்துச்சு, சரிங்க" என்றார் அத்தை. "சட்டைக்கு ஏதுங்க முகமூடி?"

உடையை ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தோம். கைப்பகுதியில் ஒரு சதுரம் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. சோப்பு இருக்கிறது, வேறு எதுவும் சொல்ல இயலாது என்றார்கள். "அதுக்கு எதுக்குய்யா கத்திரிக்கோல்? மூக்கு போதுமே!"

கொஞ்சம் பொறுங்கள். சத்தம் போகட்டும்.

போய்விட்டது.

இந்த ஊரில் நாம் எல்லோரும் இப்படித்தான் பேசக் கற்றிருக்கிறோம். தலைக்கு மேல் விமானம் வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். வகுப்பறையில், கடையில், சண்டையில்கூட. வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்தச் சில நொடிகளில் நாம் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒழுங்கான சத்தமா என்று கேட்கிறோம்.

இப்போது போனதும் அதே வகை விமானம்தான். என் கணவர் ஓட்டிய வகை. இன்னும் பறக்கிறது.

பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல் தெரியும். 'சமையல்.' என் கணவர் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "இன்னைக்கும் வண்டியில சமையல்." என்ன சமையல் என்பேன். "வழக்கம்போலக் கருகல்தான்." நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். பறக்கும்போது எங்கிருந்தோ கருகிய வாடை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்பதற்கு நீங்கள் வைத்த பெயர் அது. தேநீர் குடிக்கும்போது சொல்வீர்கள். எழுதிக் கொடுக்கமாட்டீர்கள். எழுதிக் கொடுத்தால் விமானம் நின்றுவிடும். சோதித்துப் பார்ப்பார்கள், தரையில் ஒன்றும் தெரியாது. அப்புறம் உங்களைச் சோதிப்பார்கள். நரம்புத் தளர்ச்சியா, பயமா, தூக்கம் வருகிறதா என்று. ஒரு விமானிக்கு அதைவிட அவமானம் வேறு உண்டா?

அதனால் நகைச்சுவையாக்கிக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைய சமையலின்போது என் கணவருக்குக் கண் தெரிந்ததா? முன்னால் இருந்த கருவிகள் தெரிந்தனவா? திசை குழம்பியவர் என்று அறிக்கையில் எழுதினார்களே, எந்தத் திசையை அவர் பார்த்திருக்க முடியும்?

கூட்டம் தொடங்குமுன் பக்கத்து அறையில் ஒருவர் என்னிடம் மென்மையாகச் சொன்னார்: "இன்னைக்கு அதெல்லாம் வேண்டாமே. அம்மாவைப் பத்தி மட்டும் பேசுங்களேன்." அம்மாவைப் பற்றித்தான் ஐயா பேசுகிறேன். இதை எடுத்துவிட்டால் அவரிடம் மீதி என்ன இருக்கிறது? பழைய ஹெட்போனும் மூட்டுவலி மாத்திரையும்.

அவர் என்னை விடுவிக்கப் பார்த்தார், அதையும் சொல்ல வேண்டும். "உனக்கு வயசிருக்கு. நல்லவனாப் பாத்துக் கட்டிக்கோ. இந்தக் கேஸை நான் கட்டிக்கிட்டு அழறேன்." நான் போகவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. உடை அவரிடம் இருந்தது.

இனி நான் சொல்லப்போவது இந்த அரங்கில் எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தது.

அத்தையை நெஞ்சுவலியோடு இங்கேயே, தான் வேலை பார்த்த கட்டடத்திலேயே, மாடி வார்டில் சேர்த்திருந்தோம். ஒரு பிற்பகல் ஒருவர் வந்தார். கையில் பழப்பை. கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அம்மா. நான்தாம்மா துவைச்சேன்."

அத்தை கண்ணைத் திறந்தார். அவரை முழுதாக ஒருமுறை பார்த்தார்.

"மெஷின்லயா, கையிலயா?"

"கையிலம்மா."

"உக்காரு."

உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு தடவை அலசினேன். நாத்தம் போகல. ஒயர் கருகின மாதிரி. கைப்பக்கம் கரி. மறுபடி சோப்பு போட்டேன். அம்மா மோந்து பாப்பாங்கன்னு தெரியும். எங்க அம்மாவா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. மோந்து பாத்து, புள்ள எப்படிப் போயிருப்பான்னு நினைச்சிடக் கூடாதுன்னு..."



அத்தை அழுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். ஐந்து ஆண்டுகள்! கையை நீட்டினார். வந்தவரின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் துவைச்சிருக்கே. கறை ஒண்ணுகூட இல்லை."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பிறகு கேட்டார்: "இதை ஒரு ரூம்ல, நாற்காலியில உக்காந்து, அவங்க முன்னாடி சொல்லுவியா?"

அவர் பழப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார். எனக்குப் புரிந்தது. சொன்னால் அடுத்த கேள்வி அவரிடம் வரும். உனக்கும் சமையல் நடந்ததுண்டா? உன் நண்பர்களுக்கு? ஏன் எழுதவில்லை? பறப்பதை நிறுத்திவிடுவார்கள். அவருக்குப் பறப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. தரைக்குப் போகும் விமானியை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும்.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"யோசிப்பா. அவசரமில்லை. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த வாரமே அத்தை போய்விட்டார்.

பெரியோர்களே, தோழிகளே, நாளை காலை மறுவிசாரணைக் குழு கூடுகிறது. அத்தை தட்டித் தட்டித் திறந்த கதவு. புதிய சாட்சி வந்தால் விசாரணை தொடரும். வராவிட்டால் முடிந்தது. என் கணவர் என்றென்றைக்கும் திசை குழம்பியவர். அந்த விமானங்கள் என்றென்றைக்கும் கோளாறு இல்லாதவை. மனு கொடுத்தவர் இறந்துவிட்டாரே என்று நேற்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவர் இடத்தில் நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. கவனியுங்கள், இந்த மைக்கை மட்டும்தான் பார்க்கிறேன். யாரையும் காட்டிக்கொடுக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. அவர் பெயரைச் சொல்லமாட்டேன், இங்கேயும், நாளையும். அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லலாம். துவைத்தது தவறு என்று அத்தை கடைசிவரை நினைக்கவில்லை. அன்பு என்றுதான் நினைத்தார். அதே அன்போடு இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது, அவ்வளவே. துவைத்தவருக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய விமானத்திலும் சமையல் நடக்கிறது.

தளத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, உங்கள் வழக்கம் அழகான வழக்கம். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். இனி யாருடைய உடையையும் துவைக்காதீர்கள். கரியோடு கொடுங்கள். நாத்தத்தோடு கொடுங்கள். நாங்கள் தாங்குவோம். முகத்தில் வைத்துக்கொண்டு தாங்குவோம்.

எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு நான் வேறு எந்த அஞ்சலியும் வைத்திருக்கவில்லை. அவர் செய்ததையே செய்யப்போகிறேன்.

போனை வைக்கமாட்டேன். லைனில் இருக்கிறேன்.

நன்றி.

*

மறுநாள் காலை அவள் விசாரணை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனாள். தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து உடை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியை ஓர் ஊழியர் இழுத்துப்போக வந்தார். அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

"ஆள் வராங்க" என்றாள்.