வெள்ளிக்கிழமை பதினொரு மணி

மகளுக்கு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. சரியாக ராகு காலம். அந்தப் பதற்றத்தோடு துடியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பேர். மோட்டார் பம்ப் கம்பெனிக்காரர்கள்.

"ராகு காலத்தைப் பூட்டிப்போட்டேனுங்கண்ணா," என்றார் இளையவர்.

"எங்கப்பா பூட்டுன?"

"நம்ம இன்டர்நெட் பக்கத்துலங்க. பம்ப் வாங்க நெனைக்கறவங்க, பேச வர்ற நேரத்த அதுல அவங்களே பதிஞ்சுக்கலாம். மொதலாளி ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி அத்தனையும் மூடச் சொல்லிட்டாருங்க. இந்த வாரம் மிச்சம் ஒரே மணி நேரம். அதையும் மொதலாளியம்மா பொண்ணு பாக்கப் போக எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப ஆர்டரு?"

"அது போனா என் வேலையும் போயிருமுங்க. அதான் வெள்ளிக்கிழமை பதினொண்ணைத் தொறந்துபோட்டேன். பம்ப் கேட்டுட்டு இருந்த உக்கடம் பாய் ஒடனே பதிஞ்சுட்டாருங்க. அப்பத்தான் உங்க மொதலாளி எங்கயும் போகாம உக்காந்திருப்பாருன்னு சிரிக்கறாரு."

"மொதலாளி ஒத்துக்கோணுமே?"

"அவரு பேனாவை ஒம்பது மணிக்கே பாய்கூடப் பேசற மேசையில வெச்சுப்போடறேனுங்க. பேனா நல்ல நேரத்துல வந்துட்டா மொதலாளியும் வந்த கணக்குதானுங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் மட்டும் போய், மகளின் பேனாவை இன்டர்வியூ நடக்கும் ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.